தாண்டவராயர் சாப்பிடாத விருந்து

முன்னொரு காலத்தில் செம்புநாட்டை மகுடபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆள் கெட்டவரில்லை. ஆனால் எதையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னால்தான் அவர் காதில் ஏறும். கவலையோடு யாராவது வாயைத் திறந்தால் கொட்டாவி விடுவார். அவரிடம் அமைச்சராக இருந்தது அம்பலவாணரின் தலையெழுத்து.

அரண்மனைக் கூரைக்குச் செம்புத் தகடு போட ராஜாவுக்கு ஆசை வந்தது. ஊருக்கு வெளியே இருந்த செம்புச் சுரங்கம் வானம் பார்த்த பெரும் பள்ளம். அதன் பக்கங்களைச் சரிவாக, நடுநடுவே அகலமான படி விட்டுத்தான் வெட்டுவார்கள். மேலேயிருந்து உருளும் கல் படியில் தங்கிவிடும், கீழே நிற்பவர் தலைக்கு வராது.

பொக்கிஷ அதிகாரி தாண்டவராயருக்கு அமைச்சர்மேல் எப்போதும் வயிற்றெரிச்சல். "மகாராஜா, அந்தப் படிகளுக்குள் செம்பு சும்மா கிடக்கிறது. அமைச்சருக்கு மண்ணைக் கண்டாலே நடுக்கம். செங்குத்தாக வெட்ட உத்தரவிடுங்கள்" என்று ஓதினார். ராஜா தலையாட்டினார். படிகள் போயின.

ஐப்பசி மழையில் பள்ளத்தின் விளிம்பில் தரை கீறல் விட்டது. அம்பலவாணர் கீறலின் குறுக்கே சுண்ணாம்பு குழைத்துப் பூசிவைத்தார். மண் நகர்ந்தால் பூச்சு உடையும். ஒருநாள் காலை அது உடைந்து, கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. அடியில் ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி, அமைச்சரின் ஒரே மகள் கோமதியின் கணவன் வேலாயுதம்.

"எல்லாரையும் மேலே கூட்டி வாங்க, மாப்பிள்ளை!"

"உத்தரவில்லாம ஏறினா இவங்களுக்குச் சவுக்கடி, மாமா. சீக்கிரம் முத்திரை வாங்கிட்டு வாங்க."

அமைச்சர் ஓடினார். ராஜா சொக்கட்டான் ஆடிக்கொண்டிருந்தார்.

"மகாராஜா, சுரங்கத்தின் சுவர் விழப்போகிறது!"

"ஆரம்பித்துவிட்டீரா ஒப்பாரியை?" ராஜா காயை நகர்த்தினார்.

"நான் வெட்டிய சுவர் ஆயிரம் வருஷம் நிற்கும்" என்றார் தாண்டவராயர்.

இனி கெஞ்சிப் பயனில்லை. அம்பலவாணர் உள்ளே பதறிக்கொண்டே முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்தார். பாவம், அது எவ்வளவு கஷ்டம்!

"அப்படியானால் விருந்து எப்போது, மகாராஜா?"

"விருந்தா?" ராஜா நிமிர்ந்தார்.

"ஏரிக்கரையோ மதிலோ சுரங்கமோ, வேலையை ஏவியவர் அதன் அடியில் இலை போட்டு முதல் சாப்பாடு சாப்பிடுவது நம் நாட்டு வழக்கமாயிற்றே. இன்றே தாண்டவராயருக்குச் சுவரோரமாக இலை போடுவோம். நெய் ஊற்றுவது என் பொறுப்பு."

"பலே!" என்று ராஜா கைதட்டினார். "புறப்படும், தாண்டவராயரே!"

தாண்டவராயருக்கு வியர்த்தது. "எனக்கு இன்று விரதம்."

"பழம் வைக்கச் சொல்கிறேன்" என்றார் அமைச்சர்.

"பல்வலி."

"பால் குடிக்கலாம்."

"மகாராஜா, அங்கே... மேலே கீறல் இருக்கிறதாம்!"

சபை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ராஜாவும் கண்ணில் நீர்வரச் சிரித்தார். பிறகுதான் உறைத்தது. "நீர் உட்கார அஞ்சும் இடத்திலா என் ஜனங்களை நிறுத்தியிருக்கிறீர்?" என்று கத்தியபடி முத்திரை மோதிரத்தைக் கழற்றி எறிந்தார். குதிரை பறந்தது.

ஆட்கள் ஏறினார்கள். ஒவ்வொருவராக ஏற்றிவிட்டு வேலாயுதம் கடைசியில் நின்றான். அவன் பாதையில் கால் வைத்தபோது சுவர் சரிந்து இறங்கியது.

மறுநாள் சபையில் தாண்டவராயரின் பதவியைப் பறித்தார்கள். ராஜா தம் முத்துமாலையை அமைச்சர் கழுத்தில் போட்டார். "உம்முடைய சாமர்த்தியம் என் ஜனங்களைக் காப்பாற்றியது. வேறென்ன வேண்டும், கேளும்!"

"சாமர்த்தியத்துக்கு நேரம் பிடித்தது, மகாராஜா" என்றார் அம்பலவாணர். "நான் வந்து சொன்னதுமே நீங்கள் கேட்டிருந்தால், என் மாப்பிள்ளையும் ஏறி வந்திருப்பார்."

ராஜாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அமைச்சர் மாலையைக் கழற்றிச் சிம்மாசனப் படியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். நேற்றிலிருந்து ஒரு வாய்ச் சோறு தொடாமல் கோமதி கிடந்தாள். அவளை ஒரு கவளமாவது சாப்பிட வைக்க, அந்த மகா சாமர்த்தியசாலிக்கு ஒரு வழியும் தோன்றவில்லை.