ஏரிக்கரையில் ஒரு கறுப்புக் கோடு

1986 ஆகஸ்டில், கொடைக்கானலில் படங்களுக்குச் சட்டம் போடும் சூசைமாணிக்கம் சொல்லக் கேட்டு எழுதியது. இருமுறை சொல்லச் செய்தேன், சாரம் மாறவில்லை.

பிலோமினா டீச்சரிடம் எண்ணெய் வண்ணம் கற்க வந்தவர் தங்கப்பழம். திண்டுக்கல்லில் முப்பது ஆண்டுகள் கடைப் பலகை எழுதியவர். ஆசிரியைக்கு வயது நாற்பது. மாணவருக்கு ஐம்பத்து மூன்று. வந்து ஒரு மாதமாகக் கரிக்கோல் மட்டுமே பிடித்திருந்தார்.

ஆசிரியை மூன்று மாதங்களாக ஓர் ஏரியை வரைந்துகொண்டிருந்தார். புயல் ஓய்ந்த மாலை. கருமேகப் பிளவில் வெளிச்சம். மலையடியில் தனிப் படகு. நீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல இயலாது.

மதுரைக்குப் புறப்படுகையில் தூரிகையை மாணவரிடம் கொடுத்தார்.

"நாணல் மட்டும் போடுங்க மேஸ்திரி. நாளைக்கு வந்துடுவேன்."

வேறொருவர் கை அந்தப் படத்தில் படுவது அதுவே முதல் முறை.

தங்கப்பழம் நாணலை நன்றாகவே போட்டார். பிறகு கரை மங்கலாக இருப்பது கண்ணை உறுத்தியது. எழுத்துக்கு ஓரம் கட்டாமல் அவர் ஒருநாளும் பலகை எழுத ஏறிய மூங்கில் சாரத்தைவிட்டு இறங்கியதில்லை. கறுப்பைத் தொட்டு, கரை நெடுகிலும் படகைச் சுற்றியும், கை நடுங்காமல் கோடு இழுத்தார்.

பத்தடி தள்ளி நின்று பார்த்தார். ஏரியைக் காணோம். ஏரிக்கு ஒரு விளம்பரம் இருந்தது.

கடைப் பலகைக்கு அவர் பூசிவந்த எனாமல் வண்ணம் சில மணி நேரத்தில் இறுகிவிடும். பிறகு சுரண்டினால் அடியில் இருப்பதும் பெயர்ந்து வரும். இனி இந்த அறையில் தனக்கு இடமில்லை என்று முடிவுசெய்து, காலையில் பையைக் கட்டினார்.

பதினொரு மணிக்கு ஆசிரியை குடையை உதறிக்கொண்டு வந்தார்.

"என்ன மேஸ்திரி, பையும் கையுமா?"

"படத்தைக் கெடுத்துட்டேன் டீச்சர். பத்து மணி பஸ்ஸுக்கே போயிருப்பேன். சொல்லாமப் போக மனசு வரலை."

ஆசிரியை உள்ளே போய்ப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கோடு நல்ல நேர்த்தி. ஜவுளிக்கடைக்கு ஆகும்."

மாணவர் சிரிக்கவில்லை.

"எப்பப் போட்டீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"தொட்டுப் பார்த்தீங்களா?"

"இனிமே அதைத் தொட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

ஆசிரியை கட்டைவிரலைக் கோட்டின்மேல் வைத்துக் கீழே இழுத்தார். கறுப்பு கூடவே வந்தது. மெலிந்து, நீரில் மலையின் நிழலாயிற்று. அடியில், என்றோ வண்ணம் காய்ந்துவிட்ட ஏரி அப்படியே இருந்தது.

தங்கப்பழம் பையைக் கீழே வைத்தார்.

"காயலையா?"

"எண்ணெய் மேஸ்திரி. அதுலயும் கறுப்பு. அதுக்கு ஒண்ணும் அவசரமில்லை. துணி அதோ இருக்கு. கரையை நீங்களே பாத்துக்குங்க."

பிற்பகல்வரை அவர் விரலாலும் துணியாலும் கோட்டைக் கலைத்தார். பனி மெல்லத் திரும்பியது. ஆசிரியை கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப்போனதும் அவருக்குத் தெரியவில்லை.

"இது எவ்வளவு நேரத்துக்கு ஈரமா இருக்கும் டீச்சர்?"

"நீங்க பஸ்ஸை விட்டுட்டு உக்காந்திருந்தீங்களே, அவ்வளவு நேரத்துக்கு."

வத்தலக்குண்டில் சொல்லும்போது இக்கதை வேறாக முடிகிறது. அங்கே மாணவர் பத்து மணி பஸ்ஸில் போய்விடுகிறார். ஆசிரியை தனியே கோட்டைக் கலைக்கிறார். படகருகே ஒரு சாண் கோட்டை மட்டும், மாணவர் திரும்பிவந்து கலைக்கட்டும் என விட்டுவைக்கிறார். அது அப்படியே காய்ந்தது என்கிறார்கள்.