சன்னாசி சலூன் சுவர்

"சரக்கெல்லாம் என்கிட்டதான் இருக்கு, டீச்சர். பெட்டி மட்டும் அமைய மாட்டேங்குது."

சொர்ணலிங்கம் தன் மூன்றாவது பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு இதைச் சொன்னார். அறுபது வயது மனிதர், காரைக்குடியில் பழம்பொருள் கடை நடத்தித் தலை நரைத்தவர். டீச்சர் என்று அவர் கூப்பிட்ட பிலோமினாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதனால் என்ன? தாகம் எடுத்தவன் கிணற்றுக்கு வயசு கேட்பானா?

பிலோமினா செய்வது ஊருக்குப் புரியாத தொழில். கண்ணாடி போட்ட மரப்பெட்டிக்குள் பழைய சாமான்களைச் சேர்த்து வைப்பாள். நின்றுபோன கடிகாரம், சாயம் போன சாமி படம், பொம்மையின் ஒற்றைக் கை, தீப்பெட்டிப் படம், ஒரு பிடி மணல். அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் போய் நின்ற ஆள் லேசில் நகரமாட்டான். உள்ளே என்னமோ நடந்துகொண்டிருக்கும்.

அந்தச் சாமான்களில் பாதி சொர்ணலிங்கம் கடையில் வாங்கியவை. அதுதான் மனுஷரை அரித்தது. தன் கடையில் வருஷக்கணக்காகத் தூசி தின்ற பொம்மைக் கை, அவள் பெட்டிக்குள் போனதும் யாரையோ கூப்பிடுகிறது. கடையில் இருந்தவரை அது ஒரு ஈயைக்கூடக் கூப்பிடவில்லை.

கடையை மருமகனிடம் கொடுத்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு போய் பிலோமினா முன்னால் நின்றார்.

"எனக்கும் சொல்லிக்குடுங்க."

அவள் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, "நாளையிலேருந்து வாங்க," என்றாள்.

அப்படி ஆரம்பித்த படிப்பு இந்த மூன்றாவது பெட்டியில் வந்து நின்றது.

பிலோமினா குனிந்து பார்த்தாள். நடுவில் ஒரு பீங்கான் பொம்மை. அதற்கு இரண்டு பக்கமும் அளந்து வைத்தாற்போல் இரண்டு பித்தளை விளக்கு. எல்லாம் புளி போட்டுத் தேய்த்து, பார்க்கிறவர் முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று இருந்தது.

"இது என்னண்ணே?"

"ஜெர்மன் பீங்கான். முதல் யுத்தத்துக்கு முந்தினது. ரங்கூன் வழியா வந்த சரக்கு. இந்த விளக்கு ரெண்டும்..."

"நல்ல கடை," என்றாள் பிலோமினா.

சொர்ணலிங்கத்துக்குச் சுருக்கென்றது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை புதுச்சேரியிலிருந்து வண்டி வருகிறது. அங்கே ஒரு மண்டபத்தில் பிலோமினாவின் பெட்டிகளைக் காட்சிக்கு வைக்கப்போகிறார்கள். ஒரு பெட்டிக்கான இடத்தை அவள் சொர்ணலிங்கத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். அதை அவர் ஊர் முழுக்கத் தமுக்கு அடித்தாயிற்று. இப்போது வெறுங்கையோடு நின்றால் திரும்பவும் கடைக் கல்லாவில் போய்த்தான் உட்கார வேண்டும். உமையாள் ஆச்சி வேறு இருக்கிறாள். "வயசான ஆம்பளைங்க பேரப்பிள்ளையத் தூக்குவாக, இவுக பொம்மைக் கையத் தூக்கிக்கிட்டுத் திரியிறாக," என்று அண்டை அயலில் எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். அவரைக் கல்யாணம் செய்துகொண்டவள், அவளுக்குச் சொல்ல உரிமை உண்டு.

"டீச்சர், நீங்க எதைப் பார்த்து இதெல்லாம் செய்றீங்க? மறைக்காமச் சொல்லுங்க. எந்த மியூசியம்? எந்தப் புத்தகம்?"

"வாங்க, காட்டுறேன்."

அவரைத் தெருமுனைக்குக் கூட்டிப்போய், சன்னாசியின் சலூன் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

சன்னாசிக்கு அவன் அப்பா விட்டுப்போனது ஒரு நாற்காலியும் ஒரு சுவரும். நாற்காலிக்கு எதிரே, கண்ணாடிக்கு மேலே, அந்தச் சுவரில் இடுக்கில்லாமல் படம் மாட்டியிருந்தது. புகை விட்டுக்கொண்டு போகிற கப்பல். ஆலிலையில் மிதக்கிற கிருஷ்ணன். தொடை தட்டி நிற்கிற பயில்வான். கூந்தல் தைல விளம்பரத் தகடு ஒன்று, அதில் கணுக்கால்வரை முடி வளர்த்த ஒருத்தி. 'என்னைப் பார் யோகம் வரும்' என்று எழுதிய கழுதைப் படம். சுவரின் நடுவே மேலிருந்து கீழே ஈரம் ஊறி ஒரு பெரிய கறை.

பிலோமினா டீ வரவழைத்துக் குடித்தாள். சுவரைப் பார்த்தாள். தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். காலைப்பொழுது முழுக்க அங்கேயே போயிற்று.

சொர்ணலிங்கமும் பார்த்தார். பழக்கப்பட்ட கண் அல்லவா, ஒரே சுற்றில் எடை போட்டுவிட்டது. கப்பல் இங்கிலீஷ் அச்சு. கிருஷ்ணன் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கண்ணாடிச் சித்திரம். தகடு அசல் எனாமல்.

'அடி சக்கை! இங்கேயா ஒளிஞ்சு கிடக்குது ரகசியம்?' என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பிலோமினா பெட்டி செய்கிற குடோன் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. சொர்ணலிங்கம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இறங்கினார்.

"டீச்சர், வந்து பாருங்க."

கப்பல், கிருஷ்ணன், பயில்வான், கூந்தல்காரி, கழுதை. சுவரிலிருந்த அத்தனையும் வைக்கோல் சுற்றி வண்டியில் கிடந்தன.

"சன்னாசிக்கு ஆளுயரக் கண்ணாடி ஒண்ணு குடுத்தேன். சந்தோசமா கழட்டிக் குடுத்துட்டான். ஒண்ணு விடல."

பிலோமினா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். வண்டிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள்.

"எல்லாம் இருக்குண்ணே. சுவர் எங்க?"

"சுவரா? சுவரை எப்படி டீச்சர் கொண்டாறது?"

அவள் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "சலூனுக்கு விடுப்பா."

சன்னாசி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். புதுக் கண்ணாடி ஜம்மென்று இருந்தது. அவன் முகம்தான் தொங்கிப்போயிருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன், டீச்சர். நாற்காலியில சாயறவுங்களுக்குப் பாக்க ஒண்ணுமில்ல. எல்லாரும் என் மூஞ்சியையே பாக்குறாங்க. எனக்குக் கை நடுங்குது. காலையில ஒருத்தருக்குக் காதுல கீறிட்டேன்."

அவனுக்குப் பின்னால் சுவர் அம்மணமாக நின்றது. படங்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளைச் சதுரங்கள்.

"மாட்டிவிடுங்கண்ணே," என்றாள் பிலோமினா.

சொர்ணலிங்கத்துக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் ஏணி போட்டு ஏறி, சதுரத்துக்குச் சதுரம் பொருத்தி மாட்டினார். மாட்டும்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "இது லித்தோ அச்சு... இந்தச் சட்டம் பர்மா தேக்கு... இந்தத் தகடு இப்ப எங்கயும் கிடைக்காது..."

எல்லாம் முடிந்து இறங்கினார்.

"உக்காருங்க," என்று நாற்காலியைக் காட்டினாள் பிலோமினா. "சன்னாசி, அண்ணனுக்குச் சவரம் பண்ணுப்பா. மெதுவாவே பண்ணு."

"டீச்சர், சனிக்கிழமை வண்டி வருது. எனக்குப் பெட்டி..."

"உக்காருங்கண்ணே."

உட்கார்ந்தார். சன்னாசி நாற்காலி முதுகைச் சாய்த்து, கழுத்தில் துண்டைக் கட்டி, முகமெல்லாம் சோப்பு நுரையை அப்பினான். சொர்ணலிங்கத்தின் கண் தானாகச் சுவருக்குப் போயிற்று.

"அந்தக் கப்பல் இருக்கே, அது இங்கி..."

நுரை வாய்க்குள் போயிற்று.

"பேசாதீங்கய்யா," என்றான் சன்னாசி. "கத்தி தொண்டையில இருக்கு."

வேறு வழியில்லை. மனுஷர் வாயை மூடினார். அவர் முழித்துக்கொண்டு பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஆச்சி பார்த்திருந்தால் தேங்காய் உடைத்திருப்பாள்.

கொஞ்ச நேரம் வாய்க்குப் பதில் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. லித்தோ. பர்மா தேக்கு. எனாமல். அப்புறம் கேட்க ஆளில்லாமல் அதுவும் ஓய்ந்தது.

கத்தி கன்னத்தில் சரசரவென்று இறங்கியது.

அந்தக் கப்பல் எங்கே போகிறது?

சுவர்க்கறையின் மேல்தான் போய்க்கொண்டிருந்தது. கறையின் அந்தக் கரையில் ஆலிலை மிதந்தது. கப்பலுக்கும் குழந்தைக்கும் ஒரே தண்ணீர். கால்கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு குழந்தை கப்பலையே பார்த்தது. ஏற்றிக்கொள்வார்களா?

பயில்வான் தொடையைத் தட்டினான் சரி. யாரைச் சண்டைக்குக் கூப்பிடுகிறான்? பக்கத்தில் கழுதைதான் இருந்தது. கழுதை அவனை மதிக்கவே இல்லை. கூந்தல்காரி பாவம், போயும் போயும் சலூனில் வந்து மாட்டிக்கொண்டவள், இரண்டு கையாலும் முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சொர்ணலிங்கத்தின் வயிறு குலுங்கியது.

"சிரிக்காதீங்கய்யா, அறுத்துரும்."

அவரால் முடியவில்லை. சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணியும் வந்தது. முப்பது வருஷம் இத்தனை பேரைக் கடையில் உட்கார வைத்துக்கொண்டு, ஒருத்தரிடமும் எங்கே போறே, எதுக்கு நிக்கிறே என்று கேட்காமல் இருந்துவிட்டோமே என்று அடித்துக்கொண்டது மனசு.

சன்னாசி கத்தியைத் தீட்டத் திரும்பினான். அந்த இடைவெளியில் சொர்ணலிங்கம் எழுந்துவிட்டார். கழுத்தில் துண்டு, ஒரு கன்னத்தில் நுரை. அப்படியே தெருவில் இறங்கி நடந்தார்.

"ஐயா, இன்னொரு பக்கம்!" என்று கத்தியோடு ஓடினான் சன்னாசி.

"விடுப்பா," என்றாள் பிலோமினா. "எனக்கு ஒரு டீ சொல்லு."

சனிக்கிழமை காலை வண்டி வந்தது. பிலோமினாவின் பெட்டிகளை எல்லாம் ஏற்றி முடித்தபோது, சொர்ணலிங்கம் தன் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். கன்னம் ஒன்று வழவழவென்றும் இன்னொன்று நரைமுள்ளாகவும் இருந்தது. முகம் மட்டும் பசியாறிய முகம்.

பிலோமினா பெட்டியைப் பார்த்தாள். போர்த்துவதற்காகத் தன் சால்வையை எடுத்துவரப் போனாள்.

புதுச்சேரி டிரைவர் கட்டுக்கயிற்றோடு வந்தான்.

"உடையிற சாமானாங்க? உள்ள என்ன இருக்கு?"

சொர்ணலிங்கம் வாயைத் திறந்தார். என்ன சொல்வதென்று அவருக்கே தெரியவில்லை.

"நீயே பாரு தம்பி."

டிரைவர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான். கயிற்றைக் கீழே போட்டான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். மற்ற பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நேரமாச்சு என்று அவனைக் கூப்பிட்டார்கள். அவன் காதில் விழவில்லை.

"ஐயா, இந்தத் தகரக் குதிரை இவ்வளவு அவசரமா எங்க போவுது?"

சொர்ணலிங்கம் அவன் பக்கத்தில் போய்த் தானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அதைத்தாம்ப்பா நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்."