அழுங்கு வாங்காத கணினி

அழுங்கு என்ற பிராணி, ஆபத்து வந்தால் பயந்துபோய்ப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. விலங்கியல் படித்தவர்களும் அதையே எழுதிவைத்திருக்கிறார்கள். பிள்ளைகளே, இதைவிட வருத்தத்துக்குரிய பிழை அறிவுலகில் வேறு இருக்க முடியாது. அழுங்கு சுருண்டுகொள்வது யோசிப்பதற்காக. அந்த நேரம் பார்த்துப் புலி எதிரே வந்து நிற்பது தற்செயல்.

இந்தப் பிழையைத் திருத்தியாயிற்று. இனிக் கதைக்குப் போகலாம்.

ஒரு காட்டில் கவசமுத்து என்று ஓர் அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் ஓடு வேய்ந்ததுபோல் செதில். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. நாக்கு மட்டும் நீளம். கறையான் தின்பதற்கு முன்புகூட, இந்தப் புற்றா அடுத்த புற்றா என்று ஒருமுறை சுருண்டு யோசித்துவிட்டுத்தான் தின்னும். அதன் மனைவி பூவாயி அப்படியல்ல. யோசிக்க வேண்டியதை நடந்துகொண்டே யோசித்துவிடும். அவர்களுக்கு ஒரு குட்டி. தாயின் வாலில் தொற்றிக்கொண்டே காடு முழுக்கச் சுற்றிவரும்.

அந்தக் காட்டில் கோடைக்குத் தண்ணீர் ஒரே குளத்தில்தான். எல்லாரும் முறை வைத்துக் குடிப்பார்கள். முன்பெல்லாம் குளத்து அதிகாரியான கொக்கிடம் நேரில் போய் முறை கேட்டால் போதும். ஒற்றைக் காலில் நின்று பதில் சொல்லிச் சொல்லிக் கொக்குக்கு அலுத்துவிட்டது.

"இனி யாரும் நேரில் வர வேண்டாம். கணினியில் பதியுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு கணினி. அடுத்தவர் கணினியில் பதிந்தால் செல்லாது. குளக்கரைப் புரசமரத்தில் கடைசிப் பூ உதிர்ந்ததும் பதிவு முடிந்துவிடும்" என்று அறிவித்தது.

காட்டில் மின்சாரம் ஏது என்று கேட்கும் பிள்ளைகள் இருப்பார்கள். நல்ல கேள்வி. கதை முடிந்ததும் உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.

போன கோடையில் கணினி இல்லாததால் அழுங்குக் குடும்பத்துக்கு மிச்சமிருந்த முறைதான் கிடைத்தது. அது காட்டுப்பன்றிகளுக்கு அடுத்த முறை. அதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. அதனால் அது எப்போதும் மிச்சமிருக்கும். பன்றிகள் குடித்துவிட்டுச் சும்மா போவதில்லை. குளத்தில் இறங்கிப் புரண்டு, குட்டிகளையும் புரட்டிவிட்டுத்தான் கரையேறும். அதன் பிறகு குளத்தில் இருப்பதைத் தண்ணீர் என்று சொல்வது மரியாதைக்காக. அதைக் குடித்துக் குடித்து அழுங்குக் குட்டிக்கு வயிறு ஊதிப்போயிற்று. மழை வரும்வரை, தாயின் வாலைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

"இந்த வருஷமும் அந்தச் சேறு உள்ளே போனா குட்டி தாங்காதுங்க" என்றது பூவாயி. "ஒரு கணினி வாங்கிருவோம். பதியத்தானே? சின்னதாப் போதும்."

"வாங்கலாம். ஆனா விசாரிச்சுத்தான் வாங்கணும்" என்றது கவசமுத்து.

விளாமரத்தடியில் ஓணான் கடை வைத்திருந்தது. பாகமெல்லாம் பூட்டித் தயாராக வந்த கணினிகள், மலிவு விலை. ஒரு தேக்கிலைப் பொட்டலம் நிறையக் கறையான் கொடுத்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு வரலாம். பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கவசமுத்து விசாரணையைத் தொடங்கியது.

"முதலாளி, இது வேகமா ஓடுமா?"

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

"பின்னால நினைவகத்தைக் கூட்டிக்கலாமா?"

அதற்கும் ஆட்டியது.

"கூட்டவே முடியாதுன்னு உடும்பு சொல்லிச்சே?"

அதற்கும் ஆட்டியது.

"அப்போ, இதை வாங்கினா நான் ஏமாந்துருவேனா?"

ஓணான் முன்னைவிடப் பலமாக ஆட்டியது.

"அது பிறந்ததிலேருந்து தலையாட்டுது. அதைப் போய்க் கேட்டுக்கிட்டு!" என்று பூவாயி ஒரு கணினியின் பொத்தானை அமுக்கியது. கணினி முனகியது, கொட்டாவி விடுவதுபோல் நேரம் எடுத்துக்கொண்டது, பிறகு விளக்கு எரிந்தது. 'உங்களுக்கு எந்த முறை வேண்டும்?' என்று குளத்துப் பதிவுப் பக்கம் திரையில் திறந்தது.

"பார்த்தீங்களா? நமக்கு வேண்டியது வந்துருச்சு. பொட்டலத்தைக் குடுங்க."

"ஒரு நிமிஷம்" என்றது கவசமுத்து. மறுகணம், கையில் இருந்த பொட்டலத்தோடு சுருண்டுகொண்டது.

சுருண்ட அழுங்கைச் சிறுத்தையாலும் பிரிக்க முடியாது. விலங்கியல் நூல்களில் இது ஒன்று மட்டும் சரியாக இருக்கிறது. பொட்டலம் உள்ளே போய்விட்டதால் வேறு வழியில்லாமல், பூவாயி தன் வீட்டுக்காரரை வீட்டை நோக்கி உருட்டத் தொடங்கியது. குட்டிக்கு அது விளையாட்டாக இருந்தது.

வழியில் ஒரு கருவேலமரம். அதில் குடியிருந்த தூக்கணாங்குருவி நாரழகன் மேலிருந்து கூவியது: "என்ன அண்ணே, கடைச் சாமான் வாங்கப் போனீங்களாமே! உங்களை மாதிரி விவரமானவங்க செய்ற காரியமா அது?"

விவரமானவர் என்ற சொல் காதில் விழுந்ததும் பந்து பிரிந்தது.

"அதே பொட்டலத்துக்கு நான் கட்டித் தர்றேன். இரண்டு மடங்கு வேகம்" என்றது குருவி. "கடைக்காரன் உள்ளே என்ன வைக்கிறான்னு யாரு பார்த்தா? விசிறி மட்டம், கம்பி மட்டம், மூடி மட்டும்தான் பளபளப்பு."

"நானே ஒவ்வொண்ணாப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?"

"ஒவ்வொண்ணா!"

வாழ்நாள் முழுவதும் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கலாம் என்று யாரோ வரம் கொடுத்ததுபோல் கவசமுத்துவின் முகம் மலர்ந்தது. பொட்டலம் கை மாறியது.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண்குருவி கூட்டைப் பாதிதான் கட்டும். பிறகு சிறகடித்துக்கொண்டு காத்திருக்கும். பெண்குருவி வந்து பார்த்து, பிடித்துப்போய் உள்ளே உட்கார்ந்தால், ஆண்குருவி மீதியைக் கட்டி முடிக்கும். பெண்குருவி ஏதாவது குறை கண்டால், ஆண்குருவி அந்தக் கூட்டை அப்படியே தொங்கவிட்டு வேறொன்றைத் தொடங்கும். இந்த வழக்கம் கவசமுத்துவுக்குத் தெரியாது. நாரழகனுக்கோ இதைத் தவிர வேறு வழக்கம் தெரியாது.

முதல் கணினி பாதி ஆனதும் குருவி சிறகடித்தது. "எப்படி அண்ணே?"

கவசமுத்து நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தது. "நல்லாத்தான் இருக்கு. விசிறிதான் கொஞ்சம் சத்தமோ?"

மறுநாள் பக்கத்துக் கிளையில் இன்னொரு பாதிக் கணினி தொங்கியது.

"இதுல சத்தமே இல்ல, பாருங்க."

"சத்தம் இல்ல. காத்து வருதா?"

அதற்கடுத்த கிளையிலும் ஒன்று தொங்கியது. அதில் காற்று வந்தது. ஆனால் பெட்டி லேசாகச் சாய்ந்திருப்பதாகக் கவசமுத்துவுக்குப் பட்டது. தொங்குகிற பெட்டி சாயத்தான் செய்யும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. 'என்ன நுணுக்கமான ஆளு!' என்று அழுங்கைப் பற்றிக் குருவியும், குருவியைப் பற்றி அழுங்கும் மனத்துக்குள் மெச்சிக்கொண்டன. கருவேலமரம் முழுக்கப் பாதிக் கணினிகள் காற்றில் ஆடின.

புரசமரத்தடி சிவந்துகொண்டே வந்தது. மரத்தில் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது.

பூவாயி பொறுத்துப் பார்த்தது. பிறகு தானே ஒரு புற்றைத் தோண்டி, புதிதாக ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு ஓணான் கடைக்கு ஓடியது. கடை வாசலில் பெண்பன்றி ஒன்று மூக்கால் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"கடைசிப் பெட்டி அக்கா. நாங்க எடுத்துட்டோம்."

"நல்லா விசாரிச்சீங்களா?" என்று ஈனக் குரலில் கேட்டது பூவாயி.

"என்னத்த விசாரிக்க? அமுக்கினோம், எரிஞ்சுது."

கடையில் வேறு இருக்கிறதா என்று கேட்டதற்கு ஓணான் தலையாட்டியது. இல்லையா என்று கேட்டதற்கும் ஆட்டியது.

பூவாயி கருவேலமரத்துக்குத் திரும்பியபோது, பக்கத்து மரத்தில் ஒரு பெண்குருவி பாதிக் கூட்டுக்குள் போய் உட்கார்ந்ததைக் கண்டது. உடனே ஆண்குருவி பம்பரமாகச் சுழன்று மீதிக் கூட்டைப் பின்ன ஆரம்பித்தது. பூவாயி ஒரு கணம் அதையே பார்த்தது. பிறகு, வாலில் குட்டியோடு விறுவிறுவென்று கருவேலமரத்தில் ஏறி, கண்ணில் பட்ட முதல் பாதிக் கணினிக்குள் உடம்பை நுழைத்தது. நுழைந்தது தலை மட்டும்தான்.

"தம்பி, இது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு!"

நாரழகனின் அலகிலிருந்து கம்பி நழுவி விழுந்தது. "நிசமாவா அக்கா?"

"இதைவிட நல்லதை நான் பார்த்ததே இல்ல."

"விசிறி சத்தம்...?"

"தாலாட்டு மாதிரி இருக்கு."

அதன் பிறகு குருவியைப் பிடிக்க முடியவில்லை. பலகையை மாட்டியது, கம்பியை இழுத்தது, மூடியைப் பூட்டியது. வெயில் உச்சிக்கு வருவதற்குள் முழுக் கணினியும் குளக்கரைக்கு வந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தார்கள். புரசமரத்தின் உச்சிக் கொம்பில் ஒரே ஒரு பூ பாக்கி.

"மின்கம்பியைச் செருகுங்க, சீக்கிரம்!" என்றது பூவாயி. கம்பியின் முனை கவசமுத்துவின் கையில் இருந்தது.

"அண்ணே, கடைசியா ஒண்ணே ஒண்ணு" என்றது குருவி. "முன்னால எரியிற விளக்கு நீலமா, பச்சையா?"

"ஏதோ ஒண்ணு எரியட்டும்!" என்று பூவாயி அலறியது.

அலறல் முடிவதற்குள் கவசமுத்து சுருண்டுவிட்டது. கம்பி முனை உள்ளே போய்விட்டது.

பூவாயி கம்பியைப் பிடித்து இழுத்தது. பந்துதான் கூடவே வந்தது. குருவி செதில் இடுக்கில் கொத்திப் பார்த்தது. குட்டி வாலிலிருந்து இறங்கி வந்து, "அப்பா! அப்பா, குளம்!" என்று செதிலில் தட்டியது. உள்ளே, நீலம் கண்ணுக்குக் குளிர்ச்சி என்றும், ஆனால் பச்சை காட்டோடு ஒத்துப்போகும் என்றும் ஓர் ஆழ்ந்த ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது.

உச்சிக் கொம்பிலிருந்து ஏதோ சிவப்பாக இறங்கி வந்து கவசமுத்துவின் முதுகில் உட்கார்ந்தது.

பந்து பிரிந்தது. "நீலம்" என்றது கவசமுத்து நிறைந்த மனத்தோடு.

கம்பியைச் செருகினார்கள். நீல விளக்கு அழகாக எரிந்தது. குருவி சொன்னதில் பொய்யில்லை. கடைக் கணினியைவிட இரண்டு மடங்கு வேகம். 'பதிவு நேரம் முடிந்தது' என்ற செய்தி, பூவாயி கண் இமைப்பதற்குள் திரையில் வந்து நின்றது.

அந்தக் கோடையிலும் அழுங்குக் குடும்பத்துக்குக் காட்டுப்பன்றிகளுக்கு அடுத்த முறை கிடைத்தது. கோடை பாதியிலிருந்து குட்டி தாயின் வாலைப் பிடித்து வரவில்லை. கவசமுத்து அதைச் சுமந்துகொண்டு போய்வந்தது.

நீதி: வேண்டிய நேரத்துக்கு வந்து சேரும் சுமாரான பொருளே நல்ல பொருள்.