மையம் காட்டிய முண்டாசு

முன்னொரு காலத்தில் நாணலூரை வல்லபராயன் என்றொரு அரசன் ஆண்டான். மழை தப்பினாலும் தப்பும், அவனுக்கு மூக்குக்கு மேல் வருகிற கோபம் தப்பாது. கடைசியாகக் காதில் விழுந்த சொல் எதுவோ அதுதான் அவனுக்கு வேதம்.

எட்டுப் பாளையக்காரர்களையும் விருந்துக்கு அழைத்து, வட்டமாக ஒரு மண்டபம் கட்டச் சொன்னான். ஓரத்தில் எட்டு ஆசனம், எண்கோணமாக. நடு மையத்தில் சிம்மாசனம். "ஒருவன் மற்றவனைவிட என்னிடமிருந்து ஒரு விரற்கடை தள்ளி உட்கார்ந்தாலும் வாளை உருவுவான்" என்று அரசன் பயந்ததும் நியாயந்தான்.

தளம் போட்டவன் சடையன் என்ற கொத்தன். சுண்ணாம்பைக் கண்ணாடி போல இழைத்தவள் அவன் பெண்டாட்டி காமாயி. அந்த ஊர்க் கொத்தர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வட்டம் போட நடுவில் அடித்த முளையைப் பிடுங்க மாட்டார்கள். சிம்மாசனம் வைக்கும்போது அரசன்தான் தன் கையால் பிடுங்க வேண்டும்.

விருந்தன்று காலையில் பார்த்தால் முளையைக் காணோம். முளை இருந்த குழியையும் காணோம்!

"மையத்தைத் தொலைத்தவன் கை எதற்கு, மன்னா?" என்றார் அரண்மனைக் காரியக்காரர் சம்புநாதர். தளம் போடும் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கப் பார்த்து முகத்தில் கரி பூசிக்கொண்டவர் அவர்.

"வெட்டுங்கள் வலது கையை!" என்றான் அரசன்.

சடையனைத் தூணில் கட்டினார்கள். காமாயி அவன் கையையே பார்த்தாள். அந்தக் கை போனால் கொத்துக்கரண்டி பிடிப்பது யார், கஞ்சி ஊற்றுவது யார்? காவலரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மகாராசா, மையம் எங்கேயும் ஓடிப் போகலை. நான் கண்டுபிடிச்சுத் தாரேன்."

சம்புநாதர் நடுத்தளத்தில் நின்றபடியே சிரித்தார். "அளவுகோல் கூடாது. தளத்தில் கீறல் கூடாது. கயிறு இழுத்தால் நீளும், ஆகையால் அதை மடித்து அளக்கவும் கூடாது. கோடு பிடிக்க மட்டும் கயிறு. சம்மதமா?"

"சம்மதமுங்க."

"நாழிகை பார்க்கும் ஓட்டை வட்டில் தண்ணீர் நிறைந்து முழுகும் வரை உனக்கு நேரம்" என்றான் அரசன். வெட்டுகிறவன் கத்தியைத் தீட்டத் தொடங்கினான்.

காமாயி புருஷன் தலையிலிருந்த முண்டாசை அவிழ்த்தாள். ஒரு மடி மடித்தாள். விளிம்பு நேர்கோடாக நின்றது. அந்த விளிம்பு தன்மேலேயே படியும்படி இன்னொரு மடி. துணிக்கு மூலை வந்துவிட்டது.

"இது என்ன வித்தை?" என்று அரசன் எழுந்தே விட்டான்.

"நீங்க செங்கோணம்னு சொல்லுவீக. எங்களுக்கு இது மூலைமட்டம். இந்த மூலையை வட்டத்து ஓரத்துல வச்சா, அதோட ரெண்டு கரையும் நீண்டு எதிர் ஓரத்தைத் தொடுற இடங்களுக்கு ஊடே ஒரு கோடு ஓடும். அது மையத்தை விட்டு விலகாது, மகாராசா. விட்டம் அதுதான்."

"கோணம் கொஞ்சம் பிசகினால்?"

"குறுங்கோணமானாலும் விரிகோணமானாலும் கோடு ஒதுங்கிப் போயிரும். எம் புருஷன் கையும் போயிரும்."

முண்டாசை ஓரத்தில் பதித்து, அதன் இரு கரையோடும் கயிறு பிடிக்கச் சொன்னாள். காவலர்கள் ஆளுக்கொரு பக்கம் எதிர் ஓரம் வரை இழுத்தார்கள். தொட்ட இரண்டு இடத்திலும் அரளிப்பூ வைத்தாள். பூவுக்குப் பூ கயிற்றை இழுத்தால், அது சம்புநாதர் காலில் வந்து இடித்தது.

"சாமி, கொஞ்சம் ஒதுங்குங்க."

"நான் ஏன் ஒதுங்க வேண்டும்? நீ வேறு இடத்தில் பிடி!"

வட்டில் பாதிக்கு மேல் முழுகிவிட்டது. காமாயி வட்டிலைப் பார்த்தாள். இந்த மனுஷனோடு மல்லுக்கு நின்றால் நேரம் போய்விடும். ஓடிப்போய் ஓரத்தில் வேறோர் இடத்தில் முண்டாசைப் பதித்தாள். மறுபடியும் இரண்டு கயிறு, மறுபடியும் இரண்டு பூ. இரண்டாவது விட்டத்தை இழுத்தார்கள்.

அதுவும் நேராகப் போய்ச் சம்புநாதர் காலிலேயே இடித்தது!

காமாயிக்கு அப்போதுதான் பளிச்சென்று விளங்கியது. பயம் போய்க் கோபம் வந்தது.

"மகாராசா, ரெண்டு விட்டமும் வெட்டுற இடந்தான் மையம். அது ஐயா காலுக்கடியில இருக்கு. காலைத் தூக்கச் சொல்லுங்க."

"தற்செயல், மன்னா..." என்று இழுத்தார் சம்புநாதர். நெற்றியில் வேர்வை வழிந்தது.

"காலைத் தூக்கும்!" என்றான் அரசன்.

அவர் தூக்கவில்லை. காவலர்கள்தான் தூக்கினார்கள். உள்ளங்காலில் பச்சைச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. தோல் வெந்து சிவந்திருந்தது. தளத்தில் முளைக்குழி அளவுக்கு ஈரப் பூச்சு. விடியலில் முளையைப் பிடுங்கிக் குழியை அடைத்தவர், ஈரம் காயும் வரை தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று, வேகிற காலோடு அதன்மேலேயே நின்றிருக்கிறார்!

வட்டில் 'களுக்' என்று முழுகியது. அரசன் தானே இறங்கிப் போய்ச் சடையனின் கட்டை அவிழ்த்தான்.

"கை போன பிறகு இது தெரிஞ்சிருந்தா என்ன செய்வீக, மகாராசா?" என்றாள் காமாயி.

அரசன் தலை குனிந்தான். அரண்மனைக் காரியக்காரர் பதவியைச் சடையனுக்கே கொடுத்தான். காமாயி கையில் பொன்வளை பூட்டினான். பிறகு திரும்பி, "சம்புநாதரே, மையத்தில் நின்றது போதும். வட்டத்தை விட்டு வெளியே நடவும்" என்றான். நொண்டி நொண்டி நடந்தார்.

இன்றைக்கும் நாணலூரில் புதுத்தளம் போட்டால், அதிகாரி வாசலில் நின்று இரண்டு உள்ளங்காலையும் தூக்கிக் காட்டிய பிறகுதான் உள்ளே விடுவார்களாம்.