மூஞ்சூற்றுக் குட்டிகள் வாலைக் கவ்விய வரலாறு

அந்தக் காலத்தில், படைத்தவன் அருளிய நாவைப் பறவையும் விலங்கும் மனிதரைப் போலவே வீண்பேச்சுக்குச் செலவிட்டு வந்த அந்தக் காலத்தில், ஒரு சிவாலயத்து மடைப்பள்ளிச் சுவரோரம் வடிவாம்பாள் என்னும் மூஞ்சூறு குடியிருந்தாள். அவளுக்குக் கணவன் ஒருவன், பிள்ளைகள் ஐவர். அந்த ஐவரையும் தந்தமைக்காக அவள் இறைவனுக்கு நாள்தோறும் நன்றி சொல்வாள். கோடை விடுமுறையில் மட்டும் அந்த நன்றி சற்றுச் சுருங்கிவிடும்.

நந்தவனத்தின் மறுகோடியில், மகிழ மரத்தடியில், உடும்பு வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். சித்திரையும் வைகாசியும் விடுமுறை. ஆனி முதல் நாள் காலையில் கோயில் மணி நூற்றெட்டு முறை ஒலிக்கும். அது ஓய்வதற்குள் பிள்ளைகள் மரத்தடியில் இருக்க வேண்டும். ஓய்ந்ததும் வாத்தியார் பெயர் வாசிப்பார். மும்முறை அழைத்தும் குரல் வராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அந்த ஆண்டுப் படிப்பு இல்லை. அழுதாலும் தொழுதாலும் அவர் இறங்கமாட்டார். உடும்புப் பிடி என்று உலகம் சொல்வது சும்மாவா?

சென்ற ஆண்டு வடிவாம்பாள் போய்ச் சேர்ந்தபோது மணியின் நாதம்கூட அடங்கிவிட்டது. ஐந்து பிள்ளைகளும் ஓராண்டு முழுதும் வீட்டிலேயே கிடந்தார்கள். "இந்த முறையும் பிந்தினால் உன் வீட்டுப் பெயர்களை ஏட்டிலிருந்தே எடுத்துவிடுவேன் அம்மா" என்று வாத்தியார் சொல்லியனுப்பியிருந்தார். ஐவரும் எழுத்தறியாமலே வளர்ந்துவிடுவார்களோ என்னும் அச்சம் அவள் நெஞ்சை அரித்தது.

அரித்தது அவள் ஒருத்தியின் நெஞ்சைத்தான். வைகாசிக் கடைசி நாளன்று அவள் கணவர் ஏகாம்பரம் குளிர்ந்த கல்லில் வயிற்றைப் பதித்துப் படுத்திருந்தார்.

"ஏங்க, நாளைக்குப் பள்ளிக்கூடம். இன்னிக்காவது பிள்ளைங்களை நேரத்தோட படுக்கச் சொல்லுங்களேன்."

"படுப்பாங்க, படுப்பாங்க. எதுக்கு இத்தனை பதற்றம்? ஐங்கரனையே முதுகில சுமந்த குலம் நம்ம குலம். படிப்பெல்லாம் தானா வரும்."

"சுமந்தவர் சுமந்தார். நீங்க பிள்ளைங்க சுவடியை ஒரு நாளாவது சுமந்ததுண்டா?"

ஏகாம்பரம் கண்களை மூடிக்கொண்டு "சிவ சிவ" என்றார். திருநாமம் இப்படியெல்லாம் பயன்படுகிறதே என்று எண்ணி அவள் பல்லைக் கடித்தாள்.

இரண்டு மாதத்தில் வீடு வீடாக இல்லை. மூத்தவன் மாசிலாமணியின் எழுத்தாணி, கரையான் புற்றைக் கிளறிக் கிளறி முனை மழுங்கியிருந்தது. செண்பகத்தின் சுவடியைக் காணோம் என்று பொழுதெல்லாம் தேடினால், கடைக்குட்டி பவளம் அதை விரித்துப் போட்டு அதன்மேல் உறங்கிக்கொண்டிருந்தாள். இரட்டையர் அம்பலமும் ஆவுடையும் பள்ளியென்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தார்கள். ஒவ்வொருவராக வாய்க்காலுக்கு இழுத்துச் சென்று அரப்புத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். ஐந்தாமவளுக்கு நீர் ஊற்றும்போது, முதலில் குளித்தவன் மடைப்பள்ளிச் சாம்பல் மேட்டிலிருந்து எழுந்து வந்தான்.

"என்னடா இது!"

"திருநீறும்மா."

"உடம்பு முழுக்கவாடா!"

மறுபடியும் அரப்பு. மறுபடியும் வாய்க்கால்.

விடிந்தது. ஐந்து சுவடிகளையும் தன் முதுகிலேயே கட்டிக்கொண்டு, சுவரோரமாகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வடிவாம்பாள் புறப்பட்டாள். பத்தடி நடந்து திரும்பினால் நால்வர்தாம் இருந்தனர். மாசிலாமணி எழுத்தாணியை மறந்து திரும்ப ஓடியிருந்தான். அவனை அழைத்து வருவதற்குள் இரட்டையர் எறும்புப் புற்றொன்றில் தலையை விட்டிருந்தார்கள். அவர்களை உருவி எடுத்தால் செண்பகத்துக்குத் தாகம்.

"இப்பத்தானேடி குடிச்ச?"

"அது வீட்டுத் தாகம்மா. இது வழித் தாகம்."

பக்கத்து மரத்து அணில் மங்களம் தன் மூன்று பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு மதில்மேல் போனாள். போகிறவள் பேசாமல் போகக்கூடாதா? "என்ன வடிவு அக்கா, பள்ளிக்கூடமா, சாமி புறப்பாடா? நாலடிக்கு ஒரு தரம் நின்னு நின்னு போறீங்களே, தீபாராதனை ஏதும் உண்டா?" என்றாள்.

வடிவாம்பாள் வாயைத் திறப்பதற்குள் மணி ஒலிக்கத் தொடங்கியது. நந்தவனத்தில் பாதிகூடக் கடக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பவளம் சிணுங்கினாள்.

"அம்மா, நான் எதைப் பிடிச்சுக்கிட்டு வரது?"

"என் வாலைப் பிடி!"

"கையால பிடிச்சா எப்படிம்மா நடக்கிறது?"

"பல்லால பிடி!" பொறுமை என்னும் கயிறு அங்கே அறுந்தது. "செண்பகம், அவ வாலை நீ கவ்வு. உன் வாலை அம்பலம் கவ்வட்டும். அவன் வாலை ஆவுடை. மாசிலாமணி, நீ கடைசி. நான் விடுன்னு சொல்ற வரைக்கும் எவன் வாயைத் திறந்தாலும் அவன் என் பிள்ளை இல்ல!"

அன்னையின் முகத்தில் அப்படியொரு நெருப்பை அவர்கள் கண்டதில்லை. ஐவரும் கவ்வினார்கள்.

என்ன அதிசயம்! கேள்வி இல்லை, தாகம் இல்லை, சண்டை இல்லை. மௌனத்தின் பெருமையைப் பெரியோர் ஏன் அவ்வளவு பாடினார்கள் என்பது வடிவாம்பாளுக்கு அன்றுதான் விளங்கியது. ஐந்து உயிரின் பாரமும் வாலில் இழுத்தது. இழுக்கும் வரை எவரும் விடுபடவில்லை என்று பொருள். அவள் ஓடினாள். சுவர் வளைந்த இடத்தில் அவள் வளைந்தாள். அவள் பின்னே வரிசையும் வளைந்தது. நூற்றெட்டாவது மணி அடித்தபோது மகிழ மரத்தடியில் போய் விழுந்தாள்.

வாத்தியார் ஏட்டை விரித்தார். "மாசிலாமணி!"

குரல் இல்லை. அவன் வாயில்தான் ஆவுடையின் வால் இருந்ததே! 'விடு' என்று தாய் சொல்ல வேண்டும். அவளுக்கோ மூச்சு வாங்கியதில் சொல் எழவில்லை.

"மாசிலாமணி!" இரண்டாம் முறை. வாத்தியார் எழுத்தாணியை எடுத்தார். அவள் கண்கள் இருண்டன. வாழ்நாளில் ஒரே ஒரு முறை சொல்பேச்சுக் கேட்கிறார்கள். அதுவா இப்படி முடிய வேண்டும்?

"மாசிலாமணி!"

"ம்ம்ம்ம்..." என்றான் அவன், கவ்வியது கவ்வியபடி. அண்ணனுக்காக மற்ற நால்வரும் சேர்ந்து "ம்ம்ம்ம்" என்றார்கள். ஓங்காரத்தின் கடைசி ஒலிபோல அது மரத்தடியைச் சூழ்ந்தது.

வாத்தியார் செவியைச் சாய்த்தார். "மணி இன்னும் ஓயவில்லையோ?" என்று எழுத்தாணியைத் தாழ்த்தி, ஒலி வந்த திசையில் நடந்து வந்தார். வந்தவர் அந்த வரிசையைத் தலையிலிருந்து கடைசி வரை பார்த்தார்.

"உடும்பாகிய நானே இப்படியொரு பிடியைக் கண்டதில்லை. ஐவரும் வந்தார்கள் என்றே எழுதுகிறேன். நாளையும் இப்படியே கொண்டு வா அம்மா."

வடிவாம்பாளுக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. "விடுங்கடா" என்றாள். விட்டார்கள். விட்ட கணமே ஐந்து புகார்கள் ஒன்றாகக் கிளம்பின. அவள் காதைப் பொத்திக்கொண்டு, பல் பதிந்த வாலோடு வீடு திரும்பினாள்.

ஏகாம்பரம் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "சேர்ந்துட்டாங்களா? நான்தான் அப்பவே சொன்னேனே."

அன்று ஆனி முதல் நாள் பிடித்த பிடியைத்தான் மூஞ்சூற்றுக் குலம் இன்றளவும் விடாமல் காத்து வருகிறது. தாய் முன்னே செல்ல, ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டு குட்டிகள் சுவரோரம் ஒரே கயிறாக ஓடுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்த வரிசையில் தகப்பனை மட்டும் இதுவரை எவரும் கண்டதில்லை.