வெண்நாரைச் சிலுவைக்கு இரண்டு வாள்

ஜெர்மனி ஒரே நாடாகாத காலத்தில் லிண்டன்ராட் என்றொரு சமஸ்தானம் இருந்தது. ஒரு எல்லையில் தும்மினால் மறு எல்லையில் வாழ்த்துச் சொல்வார்கள், அவ்வளவு பெரியது. படையில் முப்பத்தெட்டுப் பேர். ஆனால் பதக்கத்துக்குக் குறைவில்லை. அரச குடும்பத்தின் வெண்நாரைப் பதக்கம் சமையல்காரர் மார்பில் ஆடியது, குதிரை வைத்தியர் கழுத்தில் தொங்கியது. அதன் உச்சப் படியான, நீலப் பட்டையோடு கூடிய பெருஞ்சிலுவை மட்டும் மன்னர் எகோனுக்கு.

அவருக்கு அது போதவில்லை.

"லியன்ஹார்ட், என் சிலுவையில் குறுக்காக இரண்டு வாள் வேண்டும். நாளை பக்கத்து நாட்டு மன்னன் காசிமிர் வேட்டைக்கு வருகிறான். அவன் சிலுவையில் வாள் இருக்கிறது!"

பதக்கங்களுக்குச் செயலாளரான லியன்ஹார்ட் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "போர்க்காலத்தில், எதிரியின் கண்ணெதிரே ரத்தம் சிந்தியவருக்கே வாள். தங்கள் தாத்தா எழுதியது, மன்னா."

"மாற்று."

"மாற்றி வாங்கினார் என்று காசிமிர் சிரிப்பாரே!"

தளபதி புரூனோ மீசையைத் தடவினார். நாற்பது வருஷமாக அவருக்கும் அந்த வாள்மீது கண். "சின்னதாக ஒரு போர் வைத்துக்கொள்வோம், மன்னா. நாளை காசிமிரின் சுங்கச்சாவடியைப் பிடிப்போம். பத்துப் பேர் செத்தால் அதிகம்."

"மதியச் சாப்பாட்டுக்குள் முடியுமா?"

"தாராளமாக."

லியன்ஹார்ட் விதிப் புத்தகத்தைப் படக்கென்று மூடினார். அந்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருவன் அவர் மகன் அன்டோன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கல்யாணம்.

"நாளைக் காலை வேட்டை கிளம்பும்வரை பொறுங்கள், மன்னா. யாரும் சாகாமல் வாள் வாங்கித் தருகிறேன். முடியாவிட்டால் முன்வரிசையில் நானே நிற்கிறேன்."

மறுநாள் காலை அரண்மனை முற்றம். காசிமிர் எதிரே நிற்க, லியன்ஹார்ட் மன்னரின் மார்பில் சிலுவையை ஊசியோடு அழுத்திக் குத்தினார்.

"ஆ!"

வெள்ளைச் சட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு.

"யோவ், ரத்தம் வருகிறது!"

"ஆமாம் மன்னா. எதிரியின் கண்ணெதிரே."

"யாரய்யா எதிரி?" என்றார் காசிமிர். "நான் முயல் சுட வந்தவன்!"

லியன்ஹார்ட் ஒரு பழுப்பேறிய காகிதத்தை விரித்தார். "அறுபது வருஷத்துக்கு முன் ஒரு மீன் ஓடைக்காக உங்கள் இருவரின் தாத்தாக்களும் போர் அறிவித்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு படையும் வீட்டுக்குப் போய்விட்டன. சமாதானம் எழுத எல்லோரும் மறந்துவிட்டார்கள். இன்றைக்கும் நாம் போரில்தான் இருக்கிறோம்."

காசிமிர் சிரித்த சிரிப்பில் அவர் பதக்கங்கள் கிலுகிலுத்தன. "ஒத்துக்கொள்கிறேன், எகோன். என் வாள் நான் குதிரையிலிருந்து விழுந்து வாங்கியது. உன்னுடையது அதைவிட மேல்!"

லியன்ஹார்ட் இரண்டு தங்க வாள்களைச் சிலுவையில் பொருத்தினார். பிறகு இன்னொரு காகிதத்தை நீட்டினார். "சமாதானப் பத்திரம். இருவரும் கையெழுத்திட்டால் போர் தீர்ந்தது. இனி இந்த நாட்டில் வேறு எவருக்கும் வாள் கிடையாது."

"வேறு எவருக்குமா?" மன்னர் பேனாவைப் பிடுங்கினார்.

தளபதி சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்தார். "நிறுத்துங்கள்! அதற்குமுன் எனக்கும் ஒரு குத்து!"

"கையெழுத்து ஆகிவிட்டது. போருக்குத் தாமதமாக வந்துவிட்டீர்களே, தளபதி அவர்களே!" என்றார் லியன்ஹார்ட்.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை படைக்கு விடுமுறை விட்டார். அன்டோனின் கல்யாணப் பந்தியில் முப்பத்தெட்டுப் பேரும் முழுசாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.