சிவப்புத் துணி

ஆசிரமத்து வேலிக்குள் யாகப்பன் பெரிய புனிதர். கத்தரிக்குத் தண்ணீர் விடுவார், கோவில் பெருக்குவார், ஜெபமாலை கையை விட்டு இறங்காது. வேலியைத் தாண்டிச் சந்தைக்குப் போனால் பழைய குருடி கதவைத் திறடி. உரம் வாங்கப் போனவரை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்த நாட்களும் உண்டு.

கடற்கரை ஊரில் மீன்பிடி வள்ளம் ஓட்டியவர். குடியை விட்டுவிட வேண்டும் என்று, வயதான காலத்தில், கடல் சத்தமே கேட்காத இந்தக் கரிசல்காட்டு ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். குருவாக வாய்த்த இன்னாசி சாமிக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். யாகப்பன் அதைப் பொருட்படுத்தவில்லை. தாகம் எடுத்தவன் கிணற்றின் வயதையா கேட்பான்?

ஒரு வெள்ளிக்கிழமை ஆசிரமத்துக்குப் போன் வந்தது. மகள் கித்தேரி பேசினாள். கல்யாணமாகிப் போன பிறகு அப்பாவிடம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம், அப்பா வரவேண்டும் என்றாள். குடிக்காமல் வரவேண்டும், குடித்துவிட்டு வந்தால் பிள்ளையைக் கண்ணில் காட்டமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பேரப்பிள்ளையைப் பார்க்க யாகப்பனுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் பஸ் நிற்கும் இடத்திலிருந்து மகள் வீட்டுக்குப் போகிற வழியில்தான் அவருடைய பழைய சாராயக் கடை இருந்தது. அன்று சாயங்காலம் கோவிலில் முழந்தாளிட்டு, வாய்விட்டே வேண்டிக்கொண்டார்.

"ஆண்டவரே, ஒரே ஒரு தடவ மொத்தமாப் பலத்தக் குடுத்துரும். அதுக்கப்புறம் உம்மத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

பின்னால் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த இன்னாசி சாமி சிரித்துவிட்டார். தானும் இதே ஜெபத்தைச் சொல்லிப் பார்த்திருப்பதாகச் சொன்னார். யாகப்பனுக்கு எரிச்சலாக வந்தது.

"சிரிக்காதீங்க சாமி. யாருகிட்டயும் கேக்காம, என் சொந்தப் பலத்துல அந்தக் கடைய என்னைக்குத் தாண்டுவேன்? அதச் சொல்லுங்க."

சாமி கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மீன்பிடித்துத் திரும்பும்போது அலை உடைகிற இடத்தை எப்படித் தாண்டுவீர்கள் என்று கேட்டார்.

கடல் பேச்சு எடுத்ததும் யாகப்பனின் முகமே மாறிவிட்டது. கடலிலிருந்து வருகிறவனுக்கு அலையின் முதுகுதான் தெரியும் என்றார். எல்லா முதுகும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எந்த அலை வள்ளத்தைத் தூக்கி அடிக்கும் என்பது கரையில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதனால் கரையில் ஒரு ஆள் துணியோடு நிற்கும். உயரப் பிடித்தால் நில் என்று அர்த்தம், வீசினால் வா என்று அர்த்தம்.

"நல்லாப் பழகின பிறகு கரையப் பாக்காமலே வந்திருப்பீங்களே?"

யாகப்பன் சாமியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பழகினவன்தான் சாமி ரொம்பப் பாப்பான். பாக்காம வாறவன் குடிகாரனாத்தான் இருப்பான்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

உங்களுக்கு யார் துணி பிடித்தது என்று சாமி மெல்லக் கேட்டார்.

கித்தேரிதான். பாவாடை கட்டிய வயதிலிருந்து அவள்தான் நிற்பாள். அவளுடைய அம்மாவின் சிவப்புச் சேலையைக் கிழித்த துணி. ஒருநாள் யாகப்பன் கடலிலேயே குடித்துவிட்டு வந்தார். நில் என்று அவள் துணியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. வள்ளம் கவிழ்ந்தது, வலையும் போயிற்று. கரையேறியதும், நீ சரியாகக் காட்டவில்லை என்று ஊரே பார்க்க அவளைப் போட்டு அடித்தார். அவள் சரியாகத்தான் காட்டினாள் என்பது ஊருக்கே தெரியும்.

இதைச் சொல்லிவிட்டு யாகப்பன் சாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அந்தப் பேரப்பிள்ளையக் கையில வாங்கணும் சாமி. வேற ஒண்ணும் வேண்டாம். ஆனா எத்தன தடவ கும்பிட்டுட்டுப் போயி விழுந்திருக்கேன். இன்னுமா ஆண்டவரு என்னப் பாத்துக்கிட்டு நிப்பாரு?"

சாமி அவர் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நீங்க பாக்கல. வள்ளம் கவுந்துபோச்சு. உடனே கித்தேரி துணியப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாளா?"

யாகப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல சாமி. இடுப்பளவு தண்ணிக்குள்ள எறங்கி நின்னு வீசினா. நான் முங்கி முங்கி எழும்பும்போதெல்லாம் அந்தச் செவப்புத்தான் தெரிஞ்சுது. அதப் பாத்துத்தான் நீந்தினேன்."

சாமி எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுங்கள் என்றார். யாகப்பனும் எழுந்து அவர் பின்னாலேயே வாசல்வரை போனார்.

"அப்ப நான் என்னைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருக்கணுமா சாமி?"

"கரை ஏறுற வரைக்கும், ஐயா."